பன்னிரண்டு முதல் நாலு வரை: ஒரு ஏழு நாள் டூரின் திரைமறைவு

பகல் 12 மணிக்குக் கோயில் நடை சாத்துவார்கள். மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவே ஒரு பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தமிழ்நாட்டில் டூர் நடத்துகிறவர்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். ராஜராஜன் எந்த வருஷம் கோயிலைக் கட்டி முடித்தான் என்பதெல்லாம் அப்புறம். உச்சி வெயிலில், காலில் செருப்பில்லாமல், பசியோடு, "அடுத்து எங்கங்க?" என்று நிற்கிற கூட்டத்துக்கு என்ன பதில் கையில் இருக்கிறது? வழிகாட்டியின் சாமர்த்தியம் அங்கேதான் தெரியும்.

இந்தத் தொழில் ரகசியம் எனக்குக் கிடைத்தது விருத்தாசலத்தில். அங்கிருந்து புறப்பட்டு, சோழநாட்டைச் சுற்றி, செட்டிநாட்டைத் தொட்டு, ஏழாம் நாள் இரவு அங்கேயே திரும்புகிற ஒரு பண்பாட்டுச் சுற்றுலாவில் பயணி சீட்டில் உட்காராமல், கேபினில் உட்கார்ந்து போகிற யோகம் அடித்தது! கேபின் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் சூட்டுக்கு மேலே. சுகமான இடமில்லைதான். ஆனால் பஸ்ஸின் வம்பு அத்தனையும் அங்கேதான் வந்து சேரும். யாருக்கு மூட்டுவலி, யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்த ஓட்டலில் காபி திக்காக இருக்கும், எந்த மண்டபத்தில் தண்ணீர் வராது… எல்லாம் காதில் விழும். பெயர் போடமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் ஏற்றிக்கொண்டார்கள். ஆகவே வழிகாட்டி இங்கே வெறும் 'அக்கா'. ஓட்டுநர் 'அண்ணன்'. சமையல்காரர் 'மாஸ்டர்'. பஸ்ஸிலும் எழுபது வயதுக்காரர் உட்பட எல்லாரும் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை, பஸ்ஸின் டிக்கி திறந்தது. எட்டிப் பார்த்தேன். பொட்டலம் பொட்டலமாக வெள்ளை வேட்டிகள்; அரைக்கால் சட்டையில் வந்து நிற்கிற பிள்ளைகளைக் கோயில் வாசலில் காப்பாற்ற. ஒரு மூட்டை நிறைய காலுறைகள். பகல் நேரப் பிராகாரக் கல் சுடுமே, அதற்கு. ஓமவாட்டர், இஞ்சி முரப்பா, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், மலைப்பாதையே இல்லாத டூரில்கூட வாந்தி எடுப்பவர்களுக்காக எலுமிச்சம்பழம். அதிலிருந்தே நாலு பழத்தை எடுத்து அண்ணன் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிக் கிளம்பினார். மருந்துக்கும் சாஸ்திரத்துக்கும் ஒரே பை!

மாஸ்டர் அந்நேரம் பஸ்ஸில் இல்லை. அவர் சின்ன டெம்போவில் காஸ் அடுப்பு, இட்லிக் கொப்பரை, ஒரு உதவியாள் சகிதம் எப்போதும் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். நாம் போய் இறங்கும்போது சாம்பார் கொதிக்கும். ஏழு நாளும் அவர் முகத்தைப் பயணிகள் சரியாகப் பார்த்ததில்லை. அவர் கை ருசியை மட்டும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

விருத்தாசலம் சென்னை–திருச்சி பாதையில் சேலத்துக்கும் கடலூருக்கும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். அதனால் ஆட்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து இறங்கினார்கள். மலேசியாவின் பினாங்கு, கிள்ளான் பக்கத்துக் குடும்பங்கள் சில. சென்னைக் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர். கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும். இந்த வாத்தியார் போன வருஷம் ஸ்பெயினில் இதே மாதிரி ஏழு நாள் டூர் போய்வந்தவர் என்பது முதல் அரை மணி நேரத்தில் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதை அவரேதான் தெரியப்படுத்தினார்.

முதல் நிறுத்தம் விருத்தகிரீஸ்வரர் கோயில். ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சாமிக்குப் பழமலைநாதர் என்று பெயர். அக்காவின் முதல் தந்திரம் இங்கே வெளிப்பட்டது. இந்தக் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்து. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தேர். "பிள்ளைங்களா, அஞ்சு அஞ்சா இருக்கிறது எத்தனைன்னு எண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் போதும், வாண்டுகள் அடங்கிவிடும். பெற்றோர் நிம்மதியாகக் கும்பிடுவார்கள். எண்ணி முடித்துவிட்டு வந்த கெட்டிக்காரப் பெண்ணொருத்திக்கு உடனே அடுத்த வேலை: இருபத்தெட்டு ஆகமங்களுக்கும் ஒவ்வொன்றாக இருபத்தெட்டு லிங்கங்கள் இருக்கின்றன, அதைச் சரிபார்த்து வா! ஆழத்துப் பிள்ளையார் சன்னதிக்குப் படி இறங்கும்போது மட்டும் அக்கா கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொள்கிறார். முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் யார் என்று அங்கே தெரிந்துவிடுமாம். அன்று இரவே அவர்களுக்குத் தரைத்தள அறை.

கதை சொல்வதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு வன்னிமரத்து இலைகளைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலை பொன்னாக மாறியது என்றும் தலபுராணம். சரியாக வேலை செய்யாதவன் கையில் அது வெறும் இலை. வன்னிமரத்தடியில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஏனோ அழுத்தமாக ஒரு நிமிஷம் நிறுத்தினார். எதற்கு அந்த நிறுத்தம் என்று எனக்கு மத்தியானம்தான் புரிந்தது.

அடுத்தது சுந்தரர். இறைவனிடம் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்ட கதை. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிற பழமொழிக்கு ஊர் இது. பினாங்குப் பெண் கேட்டாள்: "அக்கா, அப்போ ஆன்லைன் டிரான்ஸ்ஃபர் இங்கதான் ஸ்டார்ட் ஆச்சா?" அக்கா இமைக்காமல் சொன்னார்: "ஆமாம்மா. போய்ச் சேர்ந்தது அசல் தங்கம்தானான்னு உரசிப் பார்த்துச் சொல்றதுக்கு ஒரு பிள்ளையாரையும் வச்சிருந்தாங்க." திருவாரூரில் அந்தப் பிள்ளையாருக்கு மாற்றுரைத்த பிள்ளையார் என்றே பெயர். இந்தக் கோயிலைக் கருங்கல்லில் எடுத்தவர் சோழப் பேரரசி செம்பியன் மாதேவி என்பதையும் சொல்லிவிட்டார், நடந்துகொண்டே. ராணிக்கு அவ்வளவுதான் நேரம். விசில் ஊதியாயிற்று. மணி 11.40.

சரி, பன்னிரண்டு மணிக்கு எங்கே? பீங்கானுக்கு!

விருத்தாசலத்தைக் கடந்து ஆயிரம் தடவை ரயிலில் போனவர்களுக்குக்கூட இது பீங்கான் ஊர் என்று தெரியாது. அரசின் செராமிக் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் வெளியே வரும். பழைய வீடுகளின் மெயின் பாக்ஸைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு ஃபியூஸ் கட்டை இருக்குமே, அதுவும், மின்கம்பத்து இன்சுலேட்டரும், ஊறுகாய் ஜாடியும், அகல் விளக்கும், கொலுப் பொம்மையும் இந்த ஊர்ப் பட்டறைகளில் பிறப்பவை. கோயிலைப் போலப் பட்டறைக்கு உச்சிவேளையில் நடை சாத்துவது கிடையாது. சூளை மூட்டிவிட்டால் அது பகல் சாப்பாட்டுக்காக நிற்காது. அக்காவின் மதியப் புதிருக்கு இதைவிட நல்ல விடை ஏது?

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தொட்டி. களிமண், சீனக் களிமண், படிகக்கல் தூள், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் தண்ணீரோடு அரைபட்டு, மோர்க்குழம்பு பதத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் வாய் வரை ஊற்றுகிறார்கள். பிறகு? சும்மா நிற்க வேண்டியதுதான். அச்சு தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க, அச்சின் சுவரை ஒட்டி மண் கெட்டியாகப் படியும். போதுமான கனம் வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சக் கலவையைக் கொட்டிவிடுவார்கள். உள்ளே குடைவான ஒரு பிள்ளையார் தயார். பொம்மைக்குள் ஏன் வெற்றிடம் என்று சின்ன வயதிலிருந்தே மண்டையைக் குடைந்த கேள்விக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. சந்தோஷத்தில் ஒரு கூச்சல் போட்டேன். அச்சைப் பிடித்திருந்த அம்மா திரும்பி, "கை ஆடுதுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரியும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் தடவி, இல்லாமல் செய்ய வேண்டும். அங்கே வரிசையாகப் பெண்கள். யானைத் தும்பிக்கை, கண்ணன் புல்லாங்குழல், செட்டியார் தொந்தி எல்லாம் அவர்கள் விரல் பட்டு வழவழப்பாகின்றன. பேச்சு ஓயவில்லை, கையும் ஓயவில்லை. காய்ந்து, ஒரு முறை வெந்து, வண்ணம் தீட்டி, மெருகு முக்கி, மறுபடி சூளைக்குப் போகும். இதில் ஒரு வேடிக்கை! கோபால்ட் நீலம் தீட்டும்போது நீலமாகவே இருக்காது. அடுப்புக்கரி போலக் கறுப்பாகத்தான் தெரியும். வெந்து வெளியே வரும்போதுதான் கண்ணன் நீலமேனியன் ஆகிறான். தீட்டுகிறவர் நிறத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் தீட்ட வேண்டும். பொம்மை சுருங்கவும் செய்யும். வார்த்தபோது இருந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு போல உயரம் குறைந்துவிடும். ஆகவே ஒன்பது அங்குல சரஸ்வதி வேண்டுமென்றால் பத்து அங்குல சரஸ்வதிக்கு அச்சு செய்ய வேண்டும். வீணையும் அதே கணக்கில்.

இனி சூளை. பார்க்கும் ஓட்டையில் கண்ணாடி வைத்து எட்டிப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த ஒரு ஒளி. பொருளுக்கும் நெருப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1,200 டிகிரிப் பக்கம். உள்ளே சின்னக் கூம்பு ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள்; சரியான சூடு வந்ததும் அதன் தலை வளைந்து வணங்கும். மீட்டர் இருந்தாலும் பழைய ஆட்களுக்கு அந்த வணக்கத்தைப் பார்த்தால்தான் திருப்தி. தீயை நிறுத்திய பிறகு அவசரப்பட்டுத் திறக்கவும் கூடாது. குளிர் காற்று பட்டால் பொருளெல்லாம் 'டிங்' 'டிங்' என்று விரிசல் விடும்.

எங்கள் நேரம் பாருங்கள், நாங்கள் போய் நின்ற அந்த நிமிஷத்தில்தான் இன்னொரு சூளையின் கதவைத் திறந்தார்கள்! வரிசை வரிசையாகப் பளபளக்கும் ஜாடிகள், விளக்குகள், ஒரு படையே போலப் பிள்ளையார்கள். பயணிகள் கைதட்டினார்கள். கிள்ளான் தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன அதிர்ஷ்டம் பாருங்க!" என்று வாத்தியார் என்னிடம் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

பின்னால் கேபினில் கறந்துவிட்டேன். காலையிலேயே ஆறிப்போன சூளை அது. அக்கா முதல் நாளே போன் போட்டு, "ஒரு மணி வரைக்கும் திறக்காதீங்கண்ணே" என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த அதிர்ஷ்டம் ஒவ்வொரு டூரிலும் தவறாமல் அடிக்கிறது!

வெளியே வருகிற வழியில் கோணல் பொருட்களின் அலமாரி. தும்பிக்கை சற்று வளைந்த பிள்ளையார், ஒரு கண் மட்டும் மெருகு வழிந்த கிளி, சாய்ந்த கிண்ணம். கடைக்குப் போகாதவை. பயணிகள் விழுந்து விழுந்து வாங்கியது இவற்றைத்தான். அப்போதுதான் மேஜைக்குப் பக்கத்தில் வரிசை நிற்பதைப் பார்த்தோம். சனிக்கிழமை, வாரக்கூலி நாள். ஆளாளுக்கு நோட்டில் குறித்திருந்த கணக்கைப் பார்த்துப் பணம் கைமாறியது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பினாங்குப் பெண் தன் அம்மாவின் கையைச் சுரண்டி, "வன்னி இலை" என்றாள். காலையில் அந்த ஒரு நிமிஷ நிறுத்தம் இதற்காகத்தான்! டூர் எந்தக் கிழமை தொடங்கினாலும் அக்காவுக்கு ஒன்றுதான் என்று நினைத்திருந்த என்னை என்ன சொல்ல.

வாத்தியாருக்கு ஸ்பெயின் நினைவு பீறிட்டது இங்கேதான். மத்ரித், தொலேதோ, கோர்தோபா, செவில்லா, கிரனாதா என்று ஏழு நாளில் ஓட்டிக் காட்டினார்களாம். செவில்லாவில் 1929-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்பெயின் சதுக்கத்தில் மாகாணத்துக்கு ஒரு மாடம், மாடம் முழுக்க வண்ண ஓட்டுச் சித்திரம். ஆற்றுக்கு அக்கரையில் திரியானா என்ற குயவர் பேட்டை. அங்கே பழைய சூளைகளை அப்படியே வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். "அங்க அணைஞ்ச சூளையைத்தான் காட்டுனாங்க. இங்க மூஞ்சியில அனல் அடிக்குது" என்றார். உண்மை. திரியானாவுக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. எரிகிற சூளையை வைத்திருக்கிற விருத்தாசலத்தில் எங்களைத் தவிர அன்று பார்வையாளர் யாருமில்லை. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பெரிதாக ஒரு பலகை வைத்து, கூடவே ஓர் இன்சுலேட்டரையும் தொங்கவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத் தோன்றுகிறது.

அக்கா ஸ்பெயினைத் தொழில்முறை அக்கறையோடு விசாரித்தார். அங்கேயும் மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டு ஓய்வெடுக்கிற பழக்கம் உண்டென்று கேட்டதும் முகம் மலர்ந்தது. கிரனாதாவில் அல்ஹம்ப்ராவின் நஸ்ரி அரண்மனைகளுக்குள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குத்தான் நுழைய முடியும் என்றதும் பெருமூச்சு விட்டார். கடைசியாக ஒரு கேள்வி: "கழிப்பறையெல்லாம் எப்படி சார்?"

அன்று மாலை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். ஊருக்குப் பக்கத்தில்தான். வழிமறித்து சுந்தரரின் பொருளைப் பறித்துக்கொண்ட வேடனாக வந்தவர் இந்த முருகன்தான் என்கிறது தலபுராணம். இப்போது அவரிடமே திருட்டுப் புகார் கொடுக்கிறார்கள்! காணாமல்போன நகை, திரும்பாத கடன், பிரிந்துபோன மருமகள் எல்லாவற்றையும் முறையாக மனுவாக எழுதி, சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டுகிறார்கள். பிராது கட்டுவது என்று பெயர். எழுதுகிறவர் எந்த ஊரோ, அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுப் படிப்பணமும் வாங்குவது வழக்கம். சாமி அங்கே போய் விசாரித்து வர வேண்டுமல்லவா? கிள்ளான் தாத்தா பேனாவை எடுத்தார். தம்பி கொடுக்க வேண்டிய பணம். "மலேசியாவுக்கு எத்தனை கிலோமீட்டர்?" சென்னைப் பெண்கள் செல்போனில் தேடத் தொடங்க, விமானப் பாதையா கப்பல் பாதையா என்று ஒரு விவாதம் கிளம்பியது. தாத்தாவின் மனைவி முடித்து வைத்தார்: "உங்க தம்பி இப்போ திருச்சியிலதானே இருக்காரு? திருச்சின்னு போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகரைப் பார்த்து, கோரைக்கிழங்குப் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டே கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கட்டிய தலைநகர். சுமார் இரண்டரை நூற்றாண்டு சோழர் ஆண்ட இடம். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்த கோயில். அதன் மதில் கல்லை 1836-இல் கீழணை கட்ட எடுத்துப்போன கதையைச் சொன்னால் பஸ்ஸே கொதிக்கும் என்பதால் அக்கா அதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொல்வார். பன்னிரண்டு மணிக்கு மாளிகைமேடு. அரண்மனை நின்ற இடம். அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளம் மட்டுமே மிச்சம். "இவ்வளவுதானா?" என்கிற முகங்கள். அக்கா பைக்குள் கைவிட்டு, முந்தின நாள் பட்டறையில் பொறுக்கிய ஒரு உடைந்த பீங்கான் துண்டை எடுத்தார். "இதே மாதிரி சில்லுங்க இந்த மண்ணுல கிடைச்சுது. சீனாவுலேர்ந்து கப்பல்ல வந்த கிண்ணம். ராஜா வீட்டுச் சாப்பாட்டு மேஜை!" அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தது நிஜம். சீனாவிலிருந்து இறக்குமதி செய்த சரக்கை, ஆயிரம் வருஷம் கழித்து ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் ஊர் தானே சுட்டு அனுப்புகிறது! ராஜேந்திரன் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை தில்லை. நடராஜர் நடை சாத்தியதும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு. கரையில் மாஸ்டரின் கத்தரிக்காய் கொத்சு. செவ்வாய்க்கிழமை பூம்புகார் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு உச்சிக்கால பூஜை ஏது? கடற்காற்று வேறு. 1706-இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட கதையை அக்கா கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். அங்கேதான் தலைக்கணக்கில் ஒன்று குறைந்தது. அக்கா ஆட்களை எண்ணுவதில்லை. ஆளுக்கொரு ஜோடியைக் காட்டி வைத்திருப்பார். "உங்க ஜோடி எங்க?" என்று கேட்டால் போதும், பத்து வினாடியில் தெரிந்துவிடும். காணாமல் போனவர் வாத்தியார். கரையில் மீனவர் ஒருவரிடம் செவில்லா நகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை ஒரு நெருக்கடி. தாராசுரம் முடித்து சுவாமிமலைக் கோயிலுக்குப் போனால் இரண்டு பையன்கள் அரைக்கால் சட்டையில். வேட்டி எடுக்க டிக்கியைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை! வாங்கிய பிள்ளையார்களையும் ஜாடிகளையும் உடையாமல் சுற்றிவைக்க அத்தனை வேட்டியையும் ஜனங்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடைசியில் தும்பிக்கை வளைந்த இரண்டு பிள்ளையார்களை உரித்துத்தான் பையன்களைக் கோயிலுக்குள் அனுப்பினோம்.

மதியம் சுவாமிமலை வார்ப்புப் பட்டறை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தை வடிக்கிறார்கள்; அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும்; அந்த வெற்றிடத்தில் உலோகம் பாயும். அளவுக்கு ஸ்தபதி கையில் வைத்திருந்தது தென்னை ஓலை நறுக்கு. மடித்து மடித்து முகம், மார்பு, தொடை எல்லாவற்றையும் அதிலேயே குறித்துவிடுகிறார். விருத்தாசலத்தில் அச்சுக்குள் மண்ணை ஊற்றினார்கள், இங்கே மண்ணையே அச்சாக்கி உலோகத்தை ஊற்றுகிறார்கள். அங்கே ஓர் அச்சிலிருந்து பிள்ளையார்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இங்கே ஒரு நடராஜர் வெளியே வந்தால் அச்சு உடைந்தது, கதை முடிந்தது.

வியாழக்கிழமை தஞ்சாவூரைப் பற்றி நான் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரேயொரு திரைமறைவுச் செய்தி: பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதைப் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆகவே அக்கா அந்தப் பேச்சைக் கோயிலில் எடுக்கவே மாட்டார். மத்தியானம் அரண்மனை வளாகத்தில் கூட்டத்தை உட்காரவைத்து, படத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கிடைக்காததைக் கோயில் வாசலில் சொன்னால் சண்டை வரும், நிழலில் உட்காரவைத்துச் சொன்னால் ரசனை வரும் என்பது அவர் சித்தாந்தம்.

வெள்ளிக்கிழமை ஆத்தங்குடி. இங்கே எனக்கு மறுபடி கிறுக்குப் பிடித்தது! தரை ஓடு செய்கிறார்கள், ஆனால் சூளையே கிடையாது. கண்ணாடித் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். அதன் மேல் பூ வடிவ உலோகச் சட்டம். சிமெண்டும் நிறமும் கலந்த குழம்பைக் கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றி, சட்டத்தை மெல்லத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். மேலே உலர் கலவை, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். பிறகு கண்ணாடியை எடுத்தால் ஓட்டுக்கு அந்தக் கண்ணாடியின் வழவழப்பே வந்திருக்கும். மெருகு பூசவில்லை, தீ மூட்டவில்லை! பினாங்குப் பெண்ணிடம் கரண்டியைக் கொடுத்தார்கள். பச்சை போட வேண்டிய இடத்தில் சிவப்பை ஊற்றிவிட்டாள். ஓடு செய்கிற அண்ணன் ஒரு கணம் பார்த்துவிட்டு மற்ற மூன்று இதழிலும் சிவப்பையே ஊற்றிவிட்டார். "இதுவும் டிசைன்தாம்மா." அந்த ஓட்டை அவள் மடியில் வைத்துக்கொண்டுதான் திருச்சி வரை வந்தாள்.

இரவு விருத்தாசலம் திரும்பும் வழியில் பஸ் தூங்கிவிட்டது. அக்கா கேபினுக்கு வந்தார். ஏன் சனிக்கிழமையில் தொடங்குகிறார் என்று அப்போது விளக்கினார். தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளியில்தான் கோயில்களில் கூட்டமும் அதிகம். ஆகவே வெள்ளிக்கிழமை செட்டிநாட்டில் இருக்க வேண்டும்; அங்கே வீடுகளும் பட்டறைகளும்தான். பின்னோக்கி எண்ணினால் புறப்பாடு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் கூலி நாள். நவராத்திரிக்கு முன்னால் வந்தால் பட்டறை முழுக்கக் கொலுப் பொம்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணே காயாது, அப்போது வரவேண்டாம். காலுறை கொண்டுவாருங்கள். வேட்டி இரண்டாக எடுத்துவாருங்கள், ஒன்று பிள்ளையாருக்கு.

இத்தனையும் எழுதிக்கொள்ளலாம் என்றார். ஆனால் அவர் மடியில் இருந்த சின்ன நீல நோட்டை மட்டும் தொடவிடவில்லை. அது விருத்தாசலம் முதல் காரைக்குடி வரை சுத்தமான கழிப்பறைகளின் பட்டியல். பெயர், நேரம், சாவி யாரிடம் என்பது வரை. "ஒரே ஒரு பக்கம் பார்த்துக்கறேனே அக்கா" என்று கெஞ்சினேன்.

"சோழர் வரலாறு எல்லார்கிட்டயும் இருக்குது தம்பி," என்றார், நோட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டே. "இது போட்டிக் கம்பெனி கைக்குப் போச்சுன்னா என் பொழப்பு போயிடும்."